நீ துடைத்துவிட்ட போன்

மச்சான்,

இன்று காலை உன் போன் தானாக அணைந்து தானாக எழும்பியது. எழும்பும்போது வழக்கம்போலக் கறுப்புத் திரையில் அந்தச் செம்மஞ்சள் எச்சரிக்கை: இந்தப் போனின் பூட்டு திறக்கப்பட்டிருக்கிறது, இதை நம்ப வேண்டாம். முதல் தடவை இதை உனக்குத் தமிழில் சொன்னபோது நீ தையல் மெசினிலிருந்து தலையைத் தூக்கி, "போனச் சொல்லுதா, உன்னச் சொல்லுதா?" என்று கேட்டாய். ஆரையம்பதியில் நாம் அன்று சிரித்த சிரிப்பில் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் தேங்காய்கள் உருண்டு விழுந்தன. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கட்டாரிலிருந்து உன் மகள் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய போன் அது. கம்பனிக்காரன் அதை எப்போதோ கைகழுவிவிட்டான். புதுச் சிஸ்டம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். மகளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் நெருங்கும் நேரம் பார்த்து, வீடியோவில் முகம் பார்க்கும் செயலியும் இந்தப் பழைய போனில் இனி ஓடமாட்டேன் என்றது. பெயர் வைக்கும் அந்த நாளில் பேத்தியின் காதில் பெயர் சொல்ல வேண்டியவன் நீ. உன் மனைவியாகிய என் தங்கச்சியிடம் இருந்ததோ பொத்தான் போன். என்னுடையதைத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் மச்சான். அவள் அனுப்பின போனிலதான் அவள்ட பிள்ளையப் பாப்பன். உன்ட போனில பாத்தா பிள்ளைக்கு உன்ட மூஞ்சி வந்திரும்."

அப்போதுதான் வாவிக்கரையின் மாமேதையும், கைபேசிகளின் பிரம்மாவுமாகிய நான் களமிறங்கினேன். கம்பனி கைவிட்ட போன்களுக்கு உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து முகம் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் சிஸ்டம் எழுதி இணையத்தில் போடுகிறார்கள். கம்பனியின் அனுமதியும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. என் சொந்தப் போன் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. "பழச அழிச்சிட்டுப் புதுச ஏத்துற. நீ கோட்டுக்கு லைனிங் மாத்துற மாதிரித்தான்" என்றேன். உடனே நம்பினாய்.

தங்கச்சிதான் நம்பவில்லை. "அண்ணே, ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் போனச் சாகடிச்சா, பேர் வைக்க நாளைக்குப் பொங்குற புக்கைக்குப் பதிலா உங்க ரெண்டு பேரையும்தான் பானையில போட்டு அவிப்பன்."

போனில் இருந்த படங்களை என் லெப்டொப்பில் ஏற்றினோம். பூட்டைத் திறந்தோம். புதுச் சிஸ்டத்தின் கோப்பை இறக்கிப் போனின் வயிற்றிலேயே வைத்தோம். அழிக்கும் பக்கத்தைத் திரையில் விரித்துவைத்து, "இனி வைப் பண்ணோணும்" என்று முழங்கிவிட்டு, நான் தேத்தண்ணி கேட்கக் குசினிப் பக்கம் போனேன். 'வைப்' என்றால் இங்கிலீஷில் துடைப்பது என்று உனக்கு நன்றாகத் தெரியும். தையற்காரன் உன் கையில் எந்நேரமும் ஒரு துண்டுச் சீலையும் இருக்கும். போனை எடுத்தாய். கண்ணாடியில் மூச்சு ஊதினாய். சீலைக்கு வெளியே நீண்டிருந்த பெருவிரலை அழுத்தி, இடமிருந்து வலமாக ஒரே இழுவையில் துடைத்தாய். அழித்துவிடு என்று அந்தத் திரைக்குக் காட்டும் சைகையும் அச்சொட்டாக அதேதான்.

"வைப் பண்ணிட்டன் மச்சான். பளிச்செண்டு கிடக்கு."

பளிச்சென்றுதான் கிடந்தது. பழைய சிஸ்டம் போயிற்று. வயிற்றில் வைத்த புதுக் கோப்பும் சேர்ந்து போயிற்று. நான் விளக்கியதும் நீ சிரிக்கவில்லை. "அப்ப நாளைக்குப் பிள்ளையப் பாக்கேலாதா?" என்று மட்டும் கேட்டாய்.

கோப்பை மறுபடி இறக்க வேண்டும். பின்னேரத்தில் உன் வீட்டுச் சிக்னல் ஊர்ந்த வேகத்துக்கு அது பேத்தியின் கல்யாணத்துக்குத்தான் வந்து சேரும். வாவி நடுவில் நன்றாக இழுக்கும் என்று நீ சொன்னாய்; வலை போடப் போகும்போதெல்லாம் போன் அங்கேதான் ஓயாமல் அலறுமாம். லெப்டொப் நனையாமல் இருக்க அதைத் தங்கச்சியின் பெரிய பானைக்குள் இறக்கி மூடி, உன் தோணியில் ஏற்றினோம்.

"அண்ணே! அது நாளைக்குப் புக்கை ஆக்குற பானை!"

"சும்மா இருகா! இப்ப அதுக்குள்ள நம்மட பேத்திதான் கிடக்கா!" என்று நீ தோணியிலிருந்து கத்தினாய்.

நீ கம்பு ஊன்ற, பானைக்குள் கிடந்த லெப்டொப்புக்கு இணையம் கொடுக்க நான் என் போனை ஆகாயத்துக்கு உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். அக்கரை வயல் வட்டையில் நெல்லுக்கு மருந்தடித்தவர்கள், வாவிக்கு நடுவில் யாருக்கோ சிலை வைக்கிறார்கள் என்று எண்ணியிருப்பார்கள். கொக்குகள் எழுந்து வழிவிட்டன. நீ மட்டும் என் போனையே பார்த்தபடி கம்பு ஊன்றினாய். கோப்பு முழுதாக இறங்கிவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கம்பைக் கீழே போட்டாய். சீலையை எடுத்து முகத்தருகே கொண்டுபோய், "இப்ப துடைக்கலாம்தானே?" என்று கேட்டாய். நாம் சிரித்த சிரிப்பில் அடுத்த நிமிடம் தோணி கவிழாமல் நின்றது நம் முன்னோர் செய்த புண்ணியம்.

கரைக்கு வந்து, லெப்டொப்பிலிருந்து வயர் வழியாகச் சிஸ்டத்தை ஏற்றினோம். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் இலங்கையையே தோணியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம். பிறகு திரை திறந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"நம்மட பாஷையும் கிடக்கு மச்சான்!" என்றாய், அதை நீயே எழுதிச் சேர்த்தவன் மாதிரி.

மறுநாள் காலை மகள் அந்தப் பக்கம் போனைப் பிள்ளையின் காதருகே பிடித்தாள். பெயரை மூன்று முறை, மெதுவாகத்தான் சொல்லுவார்கள். கட்டார் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டாயோ என்னவோ, நீ கத்தினாய்.

"கயல்விழீ!"

"அப்பா, மெதுவா! பிள்ளையச் செவிடாக்கிப் போடாதீங்க!"

உனக்கோ கண்ணால் நீர் ஓடுகிறது. இரண்டாம் முறை இன்னும் பலமாகக் கத்தினாய். மூன்றாம் முறைக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிள்ளை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். போன் தங்கச்சியிடம் இருக்கிறது. அதைக் கட்டிக் காக்கும் ராஜாங்கப் பொறுப்பு என்னிடம். அந்தச் செயலி முரண்டு பிடிக்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதர்கள் எழுதியதில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன். கம்பனிக்காரன் பார்த்தால் அழுவான்.

பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அழைத்தால் சுகம் கேட்கமாட்டாள், வணக்கமும் சொல்லமாட்டாள். "அம்மப்பா உன்னை இப்படித்தான் கூப்பிட்டவர்" என்று தாய் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போனோடு வாயை ஒட்டிவைத்து, தன் பெயரைத் தானே, ஊர் அதிரக் கத்துவாள். தங்கச்சி குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருவாள்.

"ஓம் கிளி, கேக்குது. கேக்குது."