இறக்கி ஏற்றும் பெட்டி

மின்னி பே, 1966

கிரேசி அப்பாவுக்கு,

திக்லிபூரில் மழை விட்டதா?

நீங்கள் பெட்டியோடு கப்பலேறியதிலிருந்து, எந்தப் பெட்டியைக் கண்டாலும் ஜிம்மி ஊளையிட்டுக் கதவைப் பிராண்டியது. அதனால் தினமும் என் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, சேலைகளை அடுக்கி, அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி ஏற்றிவைத்தேன்.

“சுப், கத்தாத ஜிம்மி! அம்மா சும்மாதான் எறக்குது, எங்கயும் போகாது” என்று கிரேசிதான் அதைக் கட்டிக்கொண்டு சமாதானம் சொல்வாள். இப்போது அது தலையைக்கூடத் தூக்குவதில்லை. அவளும் தன்பாட்டுக்கு விளையாடுகிறாள்.

எனக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்த டாக்டர், திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை கப்பல். நீங்கள் வரும்வரை கிரேசியை அக்கா பார்த்துக்கொள்வாள்.

அன்றைக்கும் பெட்டியை இறக்குவேன். இரண்டும் திரும்பிப் பார்க்காது.

உங்கள் மனைவி