கருத்து எண் 41

மார்ச் 4
தரநிலைக் குழுவிடமிருந்து மடக்கு ஏணிக்கான தரநிலை வரைவு வந்திருக்கிறது. நாற்பத்தாறு பக்கம். எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஒரு ஓட்டு; அதைப் போடும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில். கடைசி நாள் 29.

மார்ச் 9
பிரிவு 7.3: உச்சிப்படியில் ‘நிற்காதீர்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமாம். அண்ணன் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஏணியிலும் அந்த ஸ்டிக்கர் இருந்தது. சிவப்பு எழுத்து. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். இன்னும் பெயிண்டர் வேலைதான், இன்னும் ஏணிதான்.

‘எதிர்ப்பு’ என்று போட்டேன். கருத்துக் கட்டத்தில் ஒன்றரைப் பக்கம். கொஞ்சம் அழுதுகொண்டே எழுதினேன்.

மார்ச் 11
மேலாளர் கூப்பிட்டார். “ஏணி செய்யறவங்கதாம்மா நமக்கு வேலை குடுக்கறாங்க. மத்தவங்க எல்லாம் ஆதரவு போட்டாச்சு. உனக்கென்ன வந்துச்சு?”

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் சார் என்றேன்.

மார்ச் 18
குழுச் செயலாளர் போன் செய்தார். என் ஓட்டு செல்லாதாம். எதிர்ப்பவர் மாற்று வாசகமும் எழுதித் தர வேண்டும்; அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். “உங்க வருத்தம் புரியுதும்மா. அத எந்தப் பிரிவுல சேக்கறது?” கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பதினோரு வருடமாகப் புதியவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித் தருபவள் நான்.

மார்ச் 20
கட்டம் காலி.

மார்ச் 24
அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவில்லையா என்று முதன்முறையாகக் கேட்டேன்.

“படிச்சேனே. படிச்சிட்டுத்தான் ஏறினேன்.”

“ஏண்ணா?”

“கால் வைக்க வாகா, தட்டையா ஒரு படிய செஞ்சு வச்சிட்டு, ஏறாதேன்னா? எட்டலேன்னா ஏறத்தான் செய்வோம். நீ டீயக் குடி.”

குடித்தேன். பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்: ‘உச்சிப்பகுதி, கால் ஊன்ற முடியாதபடி, இருபுறமும் கூரைபோல் சரிந்திருக்க வேண்டும்.’ ஒரே வரி. இதற்காகவா ஒன்றரைப் பக்கம் அழுதேன்?

மார்ச் 28
அனுப்பிவிட்டேன். மேலாளர் என்னோடு பேசுவதில்லை. என் லீவு விண்ணப்பத்தில் மட்டும் ‘காரணம் போதாது’ என்று எழுதித் திருப்பியிருந்தார்.

ஜூன் 13
கருத்துகளைத் தீர்க்கும் கூட்டம். மொத்தம் அறுபத்து மூன்று. ஸ்டிக்கர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதிலேயே காலை முழுவதும் போய்விட்டது. என்னுடையது 41.

ஏணிக் கம்பெனிக்காரர் கேட்டார்: “அப்ப பெயிண்ட் டப்பாவ எங்க வைப்பாங்க?”

“டப்பா விழுந்தா மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடக்காது சார்.” என்றேன்.

செயலாளர் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு, “நாப்பத்திரெண்டு” என்றார்.

மறு வருடம், நவம்பர் 2
எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அண்ணன் வந்தான். கையில் புது ஏணி. அவன் முதலாளி வாங்கித் தந்ததாம்.

“உச்சியில டப்பா வைக்கக்கூட எடமில்ல. ஏறி நிக்கவும் முடியல. எவனோ வேலவெட்டி இல்லாதவன் உக்காந்து யோசிச்சிருக்கான்!”

டப்பாவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அரை மணி நேரம் திட்டினான். திட்டி முடிக்கும்வரை அவனுடைய இரண்டு கால்களும் நான்காம் படியிலேயே இருந்தன.