பர்வீனின் பெயரை நீக்கினேன்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

காலையில் மேனேஜர் அழைத்து, எங்கள் வேலைகளைப் பிரித்துப் போடும் ஆன்லைன் போர்டுகளிலிருந்து கூட வேலை செய்யும் பர்வீனை நீக்கச் சொன்னார். அவளை வேலையைவிட்டு எடுக்கிறார்கள். கடிதம் மாலையில்தான் போகுமாம். நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தபடி கணினியில் டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தேன். பதினான்கு போர்டுகளிலிருந்தும் அவள் பெயர் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் முத்துப்பேட்டையிலிருந்து அவளே கூப்பிட்டாள். "அண்ணே, போர்டு எதுவுமே திறக்க மாட்டேங்குது. இங்க ஒரே மழை. நெட் பிரச்சனையா இருக்குமோ?"

"ஆமாம்மா, நெட்டாத்தான் இருக்கும்," என்றேன்.

ஆறு மணிக்குக் கடிதம் போனது. பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தி: "நாள் முழுக்க மோடத்தை அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். காலையிலேயே சொல்லியிருக்கலாமேண்ணே."

பதில் எழுத உட்கார்ந்தேன். தூக்கம் மட்டும் வருகிறது.