அது கறள் இல்லை

6 பெப்ரவரி 2024, செவ்வாய்
ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவாக்கும்போது என் மாணவன் ஜெரிசனின் ஆய்வுக் கொப்பி அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில்: "டெர்பியம் கரைசல் செங்கபிலம். நான்காம் நிலைதான். மிஸ் நம்பவில்லை."

நம்பவில்லைதான். டெர்பியம் ஓர் அருமண் உலோகம். கரைசலில் மூன்று இலத்திரன்களை இழப்பதோடு நின்றுவிடும் என்றே படிப்பித்து வந்தேன். நாலாவதையும் இழக்கச் செய்ததாக வெளிநாட்டில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஓட்டைக் கருவியை வைத்து, குருநகர் மீனவப் பெடியன் ஒருவனா அதைக் காட்டுவான்? போன வருடக் கருத்தரங்கில், முப்பது பேருக்கு முன்னால் சொன்னேன்: "உது இரும்பில பிடிக்கிற கறள், ஜெரிசன். கறளைக் காட்டிப் பட்டம் வாங்கப் பாக்கிறீரோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை படிப்பை விட்டான். கடலுக்குப் போகத் தொடங்கினான். இரண்டாம் மாதம் படகு மட்டும் கரைக்கு வந்தது.

7 பெப்ரவரி
கொப்பியை மூடி வைத்தாலும் அந்த எழுத்து கண்ணுக்குள் நிற்கிறது.

9 பெப்ரவரி
அவன் எழுதியபடியே செய்தேன். செறிந்த காபனேற்றுக் கரைசல், காரம், டெர்பியம், ஓசோன். புதுக் குடுவை, இரும்பு கிட்டவே வரவில்லை. ஒரு மணித்தியாலமாகத் தண்ணீர் போலவே இருந்தது. ஆறுதலாக இருந்தது — என்ன பிறவி நான்!

பிறகு வெளிர் மஞ்சள். பிறகு செங்கபிலம்.

யன்னல் பக்கம் திரும்பினேன், அவன் நிற்கிறானோ என்று. ஏன் திரும்பினேன்?

ஐதரசன் பேரொட்சைட்டு இரண்டு துளி விட்டேன். நிறம் அப்படியே மறைந்தது. கறள் அப்படி மறையாது. அவன் கண்டது உண்மை. கடவுளே, நான் என்ன செய்துபோட்டன்?

11 பெப்ரவரி, ஞாயிறு
பூசை முடியும் நேரம் பார்த்துக் குருநகர் போனேன். அவன் தாய் பெர்னடெட் கதவைத் திறந்தார். எல்லாம் சொன்னேன். கட்டுரை வரும், அவன் பெயர்தான் முதலில் வரும் என்றேன். அவர் அழவில்லை.

"அண்டைக்கு வந்து அவன் சாப்பிடேல்லை. 'எல்லாரும் சிரிச்சவை அம்மா' எண்டு மட்டும் சொன்னவன்."

"என்னை மன்னியுங்கோ அக்கா."

"எனக்கேன் சொல்லுறியள்? என்ரை பிள்ளை பொய் சொல்லான் எண்டு எனக்குத் தெரியும். சிரிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

16 பெப்ரவரி
துறைத் தலைவர்: "போனவனைப் பற்றி இப்ப ஏன் தர்சிகா? துறையின்ரை பேர் என்னாகிறது?" அந்த முப்பது பேருக்கும் நானே தொலைபேசியில் கோல் எடுத்து, வரச் சொன்னேன்.

1 மார்ச், வெள்ளி
அதே மண்டபம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பெர்னடெட் கடைசி வரிசையில். நான் சொன்ன வார்த்தைகளை என் வாயாலேயே திரும்பச் சொன்னேன். பிறகு அவனுடைய அளவீடுகளைக் காட்டினேன். யாரும் கைதட்டவில்லை. நல்லது.

எல்லாரும் போன பிறகு பெர்னடெட் முன்னுக்கு வந்தார்.

"அவன் எங்கை நிண்டவன்?"

மேசையின் இடப்பக்கத்தைக் காட்டினேன். அங்கே போய் நின்று, வெறுங்கதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி பூட்ட வந்தான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.