பேனருக்குப் பின்னால் மரங்கொத்தி

வானகரம், மே, ஞாயிறு இரவு

எங்கள் ஃப்ளாட் செக்ரட்டரியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கோடை முகாம் என்று பிள்ளைகளை மலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருந்தோம். வழிகாட்டிப் பெண் ஒரு பட்டமரத்தைக் காட்டி, "சத்தம் போடாம பாருங்க, மரங்கொத்தி வரும்" என்றாள். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். இந்த மனிதர் சங்கத்து பேனரை விரித்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

"சார், பறவை வர்ற நேரம்" என்றேன்.

"இன்னா மேடம், பேனர் அடிச்சி எடுத்துகினு வந்துகீறோம். குரூப்ல போட வேணாவா?"

படம் எடுத்து முடித்தார். பிள்ளைகள் திரும்பியபோது மரத்தில் ஒன்றுமில்லை.

ராத்திரி குரூப்பில் படம் வந்தது, 'இயற்கையோடு நம் குழந்தைகள்' என்று. என் மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, என் தலைக்குப் பின்னாடி உக்காந்திருக்கே, இதுவா அது?"