எண்ணெய் குடித்த பச்சைக்கல்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பெரிய மனுஷரும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்ற வார்த்தையை இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். போன மாதம் முழுக்க அதை உன்னிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் பதறாமல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள், நல்லபடியாக முடிந்துவிட்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், நான் உளறுவேன், அதனால்தான் கடிதம்.

மே மாதம் பிறக்கப்போகும் பிள்ளைக்கு மே மாதக் கல்லான மரகதத்தில் ஏதாவது வாங்கி வைக்கலாமா, நல்ல கல்லை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஆயுசு முழுக்கப் பல் செட் செய்தவனிடம் இதைக் கேட்கிறாயே என்று மூன்று மாதம் முன்னால் என்றால் சிரித்திருப்பேன். இப்போது மரகதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், தெரிந்துகொண்ட விதம்தான் கொடுமை. அம்மாவும் மே மாதம் பிறந்தவள் என்று நீ வேலைக்குப் போன வருஷம் ஒரு மோதிரம் வாங்கிக் கொடுத்தாயே, அதில்தான் ஆரம்பித்தது.

ஆறு வாரத்துக்கு முன் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனோம், இனி தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தெரியக்கூடாது என்று அம்மாதான் என்னிடம் சத்தியம் வாங்கினாள். தொண்டை கட்டியிருக்கிறது, அப்புறம் பேசுவாள் என்று நான் உன்னிடம் சொன்ன நாட்களெல்லாம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, நகை எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். மோதிரம் விரலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை, சோப்பு போட்டுத்தான் கழற்றினோம். அதை என் உள்ளங்கையில் வைத்து, "நல்லபடியா எழுந்துட்டேன்னா மே மாசம் நானே போய்ப் பிள்ளையைக் கையில வாங்கிக்குவேன். இல்லன்னா இத மட்டும் அவகிட்ட சேர்த்துடுங்க" என்றாள். நான் சும்மா இரு என்று அதட்டினேன். வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

சாயங்காலம் வரை உள்ளே விட மாட்டோம் என்றதால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் பட்டறைக்கு வந்தேன். உனக்குத்தான் தெரியுமே, கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது. மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தால் கல்லுக்கு அடியில் வருஷக்கணக்கான பாத்திரம் தேய்த்த அழுக்கு. மகளிடம் போனாலும் சரி, இவள் விரலுக்கே திரும்பினாலும் சரி, பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். பல் செட் கழுவுகிற மெஷின் இருக்கிறதே, நீ சின்ன வயதில் கிர்ர் தொட்டி என்பாயே, வெந்நீருக்குள்ளேயே அதிர்ந்து இண்டு இடுக்கு அழுக்கையெல்லாம் உதறிவிடுமே, அதில் பத்து நிமிஷம் போட்டேன். எடுத்துப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. தங்கம் பளபளக்கிறது, கல் வெளுத்துவிட்டது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை விரிசல்கள், நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று நீளமாக. நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை, ஆனால் அன்று பார்த்தேன். நாளை காலை அவளை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள், இன்று அவள் கொடுத்ததை நான் உடைத்து வைத்திருக்கிறேன்.

விசாரித்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் கல் பதிக்கிற ஒரு பெண்ணிடம் ஓடினேன், உன் வயதுதான் இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "எதுல சார் போட்டீங்க?" என்று கேட்டாள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு சொன்னேன். அவள் திட்டவில்லை. "கல்லு உடையல சார், உள்ள இருந்த எண்ணெய்தான் வெளிய வந்துடுச்சு" என்றாள். மரகதத்துக்குப் பிறவியிலேயே உள்ளே விரிசல் இருக்குமாம். அது தெரியாமலிருக்க ஏதோ ஒரு மர எண்ணெயை ஊற வைத்துத்தான் பெரும்பாலும் விற்பார்களாம். சூடும் அதிர்வும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும், திரும்ப ஊற வைக்கலாம், எட்டு நாள் கொடுங்கள் என்றாள். உடையவில்லை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைய இரவைக் கடத்தினேன்.

மறுநாள் ஆபரேஷன் முடிய ஐந்து மணி நேரம் ஆனது. டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து, "நல்லா முடிஞ்சுது, போய் ஏதாவது சாப்பிடுங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன், விடத் தெரியவில்லை. நான்காம் நாள் அம்மாவுக்குத் தெளிவு வந்தது, வந்ததும் மோதிரம் எங்கே என்றாள். பொய் சொல்லிப் பார்த்தேன், அவளிடம் என் பொய் என்றைக்கு எடுபட்டிருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தையல் இழுக்கும் என்று தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள் சின்னு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நர்ஸ் வந்து, சிரிக்க வைப்பதாக இருந்தால் வெளியே போங்கள் என்று என்னை விரட்டினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அந்த நர்ஸுக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

மோதிரம் வந்துவிட்டது, பச்சை திரும்பிவிட்டது. நடுவில் இருந்த கோடு மட்டும் வெளிச்சத்தில் லேசாகத் தெரியும். பிசின் மாதிரி ஒன்றை ஏற்றினால் அதுவும் மறையும் என்றாள் அந்தப் பெண். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்கும் நடுவுல ஒரு கோடு, அதுக்கும் ஒரு கோடு, ரெண்டும் இருக்கட்டும்" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது, பேசும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வாள். நம் பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போய் அளவெடுக்கச் சொல்லி, நானே உட்கார்ந்து ஒரு பல் செய்து கொடுத்தேன். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு மூன்று முறை மாற்றினேன். எனக்கு நன்றி சொல்லத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மரகதத்தைக் கடை விளக்கில் பார்க்காதே, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார். உள்ளே கோடோ பாசி மாதிரியோ இருந்தால் பயப்படாதே, கண்ணாடி மாதிரி சுத்தமாக, அதுவும் மலிவாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். எண்ணெய் ஏற்றியதா என்று கேட்டு எழுதி வாங்கு. சுற்றிலும் தங்கம் அணைத்த மாதிரி பதித்திருந்தால் முனை உடையாது. வெதுவெதுப்பான தண்ணீரும் துளி சோப்பும் குழந்தைப் பிரஷும் போதும், ஊற வைக்காதே, பாத்திரம் தேய்க்கும்போது கழற்றிவிடு, வைரத்தோடு ஒரே டப்பாவில் போடாதே. மெஷினில் போடாதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் பிற்பாடு பயன்படட்டும், இப்போது நீ எதுவும் வாங்க வேண்டாம். அம்மாவின் மோதிரம் இனி பேரப்பிள்ளைக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

மாத்திரையை மறக்காதே, விரல் வீங்குவதற்குள் உன் மோதிரங்களைக் கழற்றி வைத்துவிடு, சோப்பு போட்டு இழுக்கிற பாடு நான் பார்த்தாயிற்று. எங்கள் மேல் கோபம் இருந்தால் என்மேல் காட்டிக்கொள், அம்மாவைத் திட்டாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நேற்று டாக்டர் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் விமானம் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உடம்பு இளைத்ததில் மோதிரம் நழுவுகிறது, அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டு இப்போதே பெட்டியை இறக்கச் சொல்கிறாள். அதனால் மோதிரம் தபாலில் வராது சின்னு, உன் அம்மாவின் விரலில் வரும்.

என்றும் உன் அன்புள்ள,
அந்த மோதிரத்தைத் தொட இனி அனுமதி இல்லாத
அப்பா