லீலா உழைத்த வீடு

1986 ஜனவரி 9

நல்லதை முதலில் எழுத வேண்டும். மூத்த பேரன் அழகையா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சிங்களம், தமிழ் இரண்டிலும் டைப் அடிக்கிறான். இளையவன் வீரையா ஓ.எல். பரீட்சையில் எட்டுப் பாடமும் பாஸ், கணக்குக்கு டீ, அதுதான் ஆகப் பெரிய புள்ளி. நடுவில் பிறந்த லீலா குவைத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது ஐந்தாவது வருஷம். புஷ்பலீலா என்று பெயர் வைத்தது நான். மூன்றும் என் மகன் செல்லச்சாமி பெற்றவை, வளர்த்தவள் நான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் ஐந்தோடு நிற்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் இந்த வீட்டை வாங்கி நாலு மாதம். லீலா அனுப்பிய காசு, உறுதிப் பத்திரம் என் பெயரில். வாசலில் நின்றால் ஆறு தெரிகிறது.

ஜனவரி 17

வருமான வரிக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்தார். சிங்களத்தில், மரியாதையாகவே பேசினார். "ஆச்சி, உங்க புருஷன் மாநகரசபையில கூலி வேலை செஞ்சவர். வீடு வாங்க எங்கிருந்து காசு?"

லீலா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வெளிநாட்டுக் காசு என்றால், அது துவக்குத் தூக்கிய எந்தப் பொடியன்களுக்குப் போகிற காசு என்று திருப்பிக் கேட்கிற காலம் இது. போன வாரம் பாலத்தடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தித் தமிழ் ஆட்களை மட்டும் இறக்கினார்கள். அதுவும் போகட்டும். பிள்ளை லீவில் வந்து கட்டுநாயக்கா ஏர்போட்டில் இறங்கும்போது பிடித்து வைத்து வரி கேட்டால்?

"எல்லாம் என் உழைப்பு" என்றேன். இரண்டு மாடு, நாற்பது வருஷம் பால், இடியப்பம், சீட்டு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பெருவிரல் வைக்க மைப்பெட்டியை நீட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கி, ப. ராக்கம்மா என்று எழுத்துப் பிசகாமல் போட்டேன். அவர் மைப்பெட்டியை மூடி வைத்துக்கொண்டார்.

நன்றாகத்தான் சமாளித்தேன்.

பெப்ரவரி 12

நன்றாகச் சமாளிக்கவில்லை. சிங்களத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அழகையா வாசித்தான். நான் சம்பாதித்ததாகச் சொன்ன காசுக்கெல்லாம் என்னை வரி கட்டச் சொல்கிறார்கள். அவனுடைய இரண்டு வருஷச் சம்பளம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கட்டத்தான் வேண்டும். அவ்வளவு காசுக்கு எங்கே போவது? வீட்டை விற்றுத்தான்.

செல்லச்சாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். "ரெண்டு மாட்ட வச்சு வீடு வாங்குனேன்னு சொன்னீங்களேம்மா. கொஞ்சம் கொறச்சு ஒரு மாடுன்னு சொல்லியிருந்தா வரியாவது கொறஞ்சிருக்கும்."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பெப்ரவரி 15

வரி விஷயம் தெரிந்த நவரட்ணராஜா ஐயாவிடம் போனோம். யாழ்ப்பாணத்து மனிதர், கந்தோரில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, வெளிநாட்டில உழைச்சு பாங்க் மூலமா அனுப்பின காசுக்கு இங்க வரி இல்லை. நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா அவர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பார்."

"பிள்ளைக்கு வரி போடுவாங்கன்னு நெனச்சேன் ஐயா."

"வரி இல்லாத காசை மறைச்சு, வரி உள்ள காசெண்டு கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கிறியள். இப்பிடி ஒராளை நான் முப்பது வருஷத்தில காணேல்லை."

இந்தச் சட்டத்தை எனக்கு யார் சொன்னார்கள்? லீலா இலங்கைப் பிரஜையா என்று கேட்டார். பத்திரம் இருக்கிறது என்றேன். அதை வாங்க, இந்தியாக்காரர் என்று தள்ளி வைக்கப்பட்ட நாங்கள் இருபத்தெட்டு வருஷம் நடந்தது இவருக்குத் தெரியுமோ தெரியாது. பத்திரம் இருக்கிறது என்பதை மட்டும் சத்தமாகவே சொன்னேன்.

பெப்ரவரி 18

பாங்கில் லீலா கணக்கைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டார்களாம். அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் காசு வந்த கணக்குத் துண்டு தருவார்களாம். வளர்த்தவள் என்றேன். சிரித்தார்கள். குவைத்துக்குக் கடிதம் போட்டேன். செய்ததை முழுக்க எழுதவில்லை. கொஞ்சம்.

மார்ச் 6

தபால் இல்லை.

மார்ச் 19

தபால் இல்லை. வாசலில் புது வேலி போடச் செல்லச்சாமி கம்பு வெட்டி வந்தான். போடு என்றேன். விற்கிற வீட்டுக்கு யாரும் வேலி போடுவார்களா? போடட்டும்.

ஏப்ரல் 2

லீலாவின் கடிதம் வந்தது. பாங்குக்கு ஒன்று, கந்தோருக்கு ஒன்று, ஆஸ்பத்திரி சீல் வைத்தது ஒன்று. அழகையா அவளுக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான், திருட்டுப் பயல்.

எனக்கு எழுதியதில் பாதிப் பக்கம்தான். "அப்பாயி, நான் இங்க ஒளிஞ்சு உழைக்கல. ராத்திரி டியூட்டி செஞ்சு, வரிசையில நின்னு, பாங்குல கட்டி அனுப்புற காசு. அத என் காசுன்னு சொல்ல ஏன் பயந்தீங்க?"

பயம் என்கிறாள். பயமா? அவளுக்காகத்தானே. அந்தப் பயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஊரில் நாலு பேர் "ராக்கம்மா வீடு" என்று சொன்னபோது எனக்கு இனித்தது. அதுவும் இருந்தது.

ஏப்ரல் 22

கந்தோருக்குப் போனோம். நவரட்ணராஜா ஐயாவும் வந்தார். "நான் கதைக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று படியிலேயே சொல்லிவிட்டார்.

அதே ஐயா. முதலில் சொன்னது தவறென்று எழுதித் தர வேண்டும், யாராவது எழுதினால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். நவரட்ணராஜா ஐயா தலையில் கை வைத்தார். தமிழில் ஐந்து வரி எழுதினேன். நான் சொன்னது பொய். இந்த வீடு என் பேத்தி புஷ்பலீலா குவைத்தில் உழைத்த காசில் வாங்கியது. என் உழைப்பு இதில் இல்லை. கடைசி வரியிலும் எழுத்து கோணவில்லை.

கடிதங்களையும் பாங்குத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பேத்தி அங்கே போனது எப்போ, ஆச்சி?"

பேசாமல் இருந்திருக்கலாம். கைப்பையிலிருந்து லீலாவின் படத்தை எடுத்து நீட்டினேன். வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி, குவைத்துக்குப் போன முதல் மாதம் எடுத்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் வாடகை வீடு எரிந்தபோது எல்லாரும் பெட்டியைத் தூக்கினார்கள், நான் இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஓரம் இன்னும் கருகியிருக்கிறது.

அவர் கருகிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பின்னால் திருப்பி, ஸ்டூடியோ சீலையும் தேதியையும் வாசித்தார். "நல்ல சாட்சி, ஆச்சி. இது பைலில் இருக்கட்டும்" என்று மற்றத் தாள்களோடு சேர்த்துக் குத்திவிட்டார்.

திருப்பிக் கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். வெறும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மே 14

ஒன்றும் வரவில்லை. வேலியில் ஒரு கம்பு துளிர்த்திருக்கிறது.

ஜூன் 10

கடிதம் வந்தது. வரி இல்லை. அழகையா இரண்டு தரம் வாசித்தான், மூன்றாம் தரம் நானே எழுத்துக் கூட்டி என் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். நவரட்ணராஜா ஐயாவுக்குப் பலாக்காய் கொடுத்து அனுப்பினேன்.

படத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பைல் மூடினால் மூடினதுதான், படம் திரும்பி வராது என்கிறான் அழகையா.

ஜூன் 11

இன்று லீலாவுக்கு எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"வீடு நம்மிடம்தான். முன்னறையில் ஆணி அடிக்கச் சொல்லி, அடித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி முதல் தபால்காரன் வரை யார் வீடு என்று கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு. தொப்பியோடு எடு. பின்னால் தேதி போட மறக்காதே."